சின்னத்துக்கு அருகில்

வேலங்குறிச்சிக்குத்தான் சார் டிக்கெட் எடுத்திருக்கேன். நீங்க எதுவரைக்கும்? சரி, அப்ப எனக்குப் பின்னாடிதான் இறங்குவீங்க. இந்த ரயில்வே கேட்டை எப்பத் திறப்பான்னு தெரியல. மணி ரெண்டே முக்கால். நாலு மணிக்கு எடுக்கறாங்க. ஆமா சார், சாவுக்குத்தான் போறேன். எங்க அக்கா. இந்த மஞ்சப்பையில இருக்கறது கோடிச் சேலை. பொறந்த வீட்டுக் கோடி விழாம பொம்பளையை எடுக்கக் கூடாது, உங்க பக்கமும் அப்படித்தானே? அவளுக்குப் பொறந்த வீடுன்னு இப்ப நான் ஒருத்தன்தான் இருக்கேன்.

மைக்கு கட்டின ஜீப்பு போனதும் 'வேலங்குறிச்சி எந்தத் தொகுதில வருது'ன்னு கேட்டீங்க பாருங்க. அதை எங்கிட்டக் கேட்டிருக்கக் கூடாது. இப்ப அது ஏதோ ஒரு தொகுதியில ஒரு மூலை. ஒரு காலத்துல அதுவே தொகுதி சார். வேலங்குறிச்சி பாராளுமன்றத் தொகுதி. மூணு தாலுகாவுக்கு எங்க ஊரு பேரு. டெல்லியில கூப்பிடும்போது 'வேலங்குறிச்சி உறுப்பினர்'னு சொல்லிக் கூப்பிடுவான். மூணே தேர்தல். அம்பத்திரெண்டு, அம்பத்தேழு, அறுபத்திரெண்டு. அப்புறம் கலைச்சுட்டான். தாலுகாவுக்கு ஒரு பக்கமாப் பிச்சு எறிஞ்சுட்டான். அநியாயம்.

உங்களுக்கு வயசு பத்தாது, தெரிஞ்சிருக்காது. மொத ரெண்டு தேர்தல்ல சீட்டுல முத்திரை கித்திரை ஒண்ணும் கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி. பெட்டி மேல அவன் சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டை வாங்கினமா, மறைவுக்குள்ள போனமா, நமக்குப் பிடிச்ச பெட்டியில போட்டமா, வந்தமா. எங்க பக்கத்துப் பொம்பளைக பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுட்டு வருவாக. பெட்டியைத் திறந்தா சீட்டோட பூ கெடக்கும், விபூதிப் பொட்டணம் கெடக்கும், 'எம் புருசன் பினாங்குலேருந்து திரும்பணும்'னு ஒரு கடுதாசி கூடக் கெடந்துச்சு. சாமி உண்டியல் மாதிரி நெனச்சுக்கிட்டாக. அறுபத்திரெண்டுலதான் எல்லாப் பேரையும் ஒரே சீட்டுல அச்சடிச்சு, ரப்பர் முத்திரையைக் கையில குடுத்து, சின்னத்துல குத்துன்னான். கேடு அங்கதான் ஆரம்பிச்சுச்சு.

எனக்கு அப்ப முப்பத்திரெண்டு வயசு. பேரு அடைக்கலம். சப்ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசல்ல பத்திரம் எழுதுறேன். என் பத்திரத்துல ஒரு வார்த்தையில ஓட்டை கண்டுபிடிக்க முடியாது, வக்கீலே சொல்லுவான். எங்க அக்கா வீட்டுக்காரர் உடையப்பன், போர்டு ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர். தங்கமான மனுஷன். ஊர்ல பாதிப்பேர் அவர்கிட்ட உதை வாங்கிப் படிச்சவன். நான்தான் சொன்னேன், 'மச்சான், வேலையை விடுங்க, நில்லுங்க. சர்க்கார் வேலையில இருந்துக்கிட்டு நிக்க முடியாது. நீங்க நின்னா எதிர்த்து நிக்க ஆள் இல்ல'ன்னு. அக்கா வேணாம்னா. சிகப்பாயின்னு பேரு, எங்க அக்காவுக்கு. பொம்பளை சொல்லைக் கேட்டு எவன் உருப்பட்டிருக்கான்னு நான் சொன்னேன். மச்சான் ராஜினாமா எழுதிக் குடுத்துட்டார்.

இன்னும் கேட் திறக்கல பாருங்க. ரெண்டு ஐம்பது.

எதிர்த்து நின்னவர் மில்காரர் சோமநாதன். கட்சிக்காரங்களும் நின்னாங்க, ஆனா போட்டி இவங்க ரெண்டு பேருக்குள்ளதான். நான் மச்சானுக்கு ஏஜெண்டு. சின்னம் எடுக்கப் போனோம். சுயேச்சைக்குன்னு மிச்சம் இருந்தது மூணு. குடை, ஏணி, குதிரை. குடையை மில்காரர் எடுத்துட்டார். மச்சான் ஏணி கேட்டார். 'படிக்க வைக்கிறவனுக்கு ஏணிதானடா பொருத்தம்'னார். நான் விடல. 'ஏணியை வச்சு என்ன பண்றது, சுண்ணாம்பு அடிக்கவா? குதிரையை எடுங்க. நம்ம ஊர் எல்லையில அய்யனார் எது மேல உக்காந்திருக்கார்?'னு கேட்டேன். அதிகாரிக்கே சிரிப்பு வந்துருச்சு.

அந்தக் குதிரையை வச்சு நான் செஞ்ச பிரச்சாரம் இருக்கே, அந்த மாதிரி அதுக்கு முன்னாடியும் எவனும் செஞ்சதில்ல, பின்னாடியும் இல்ல. மண்ணுல ஆளுயரக் குதிரை செஞ்சு, மாட்டு வண்டியில ஏத்தி, மாலை போட்டு, ஊர் ஊராக் கொண்டுபோனேன். 'இது சின்னம்னு நெனைக்காதீக. அய்யனாரே எறங்கி வந்திருக்கார்'னு பேசினேன். பொம்பளைக வந்து காலைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாக. தேங்கா ஒடைச்சாக. வண்டிக்கு முன்னாடி குலவை போட்டாக. மச்சான் ஒரு நாள் தனியாக் கூப்பிட்டு, 'அடைக்கலம், இது கொஞ்சம் அதிகமாப் போகுதுடா'ன்னார். வாத்தியார் புத்தி, விட்டுத் தள்ளுங்க.

இப்பக் கேளுங்க. அந்தப் பொம்பளைகதான் கெடுத்தாளுக. ஓட்டுக்கு ரெண்டு நாள் இருக்கறப்ப ஒரு பேச்சு கெளம்புது. 'அய்யனார் குதிரை மூஞ்சியில எப்படி மசியைக் குத்துறது? கண்ணு அவிஞ்சு போகாதா?'ன்னு. ஊர்ல ஒருத்திக்குத் தோணுனா அது ஒன்பது ஊருக்குப் போயிரும். எங்க அக்காகிட்டத்தான் வந்து கேட்டிருக்காக. வாத்தியார் பொண்டாட்டி பாருங்க, அவ சொன்னா சரியா இருக்கும்னு. அவ என்ன சொன்னாங்கறீங்க? 'குதிரை மேல குத்த வேணாம். பக்கத்துல வாத்தியார் பேரு போட்டிருக்கும், அது மேல குத்துங்க'ன்னு சொல்லிட்டா.

அவளாச் சொல்லல, யாரையோ கேட்டிருக்கா. செல்லுமான்னு கேட்டிருக்கா. அவனும் 'எங்க குத்துனா என்ன, நம்ம கட்டத்துக்குள்ள இருந்தாச் செல்லும்'னு சொல்லியிருக்கான். எவனோ ஒருத்தன். சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கான், அவசரத்துல இருந்திருக்கான். ஒரு பொம்பளை அடுப்படியில வந்து நின்னு கேட்டா எவன் சார் ரூல் புஸ்தகத்தைப் பாத்துச் சொல்லுவான்.

எண்ணிக்கை அன்னைக்கு மத்த ரெண்டு தாலுகா முடிஞ்சு கணக்கு வந்துருச்சு. மில்காரருக்கும் மச்சானுக்கும் நூலளவு வித்தியாசம். எங்க தாலுகா மட்டும் பாக்கி. காலையில மில்காரர் ஊர்ப் பெட்டி, மத்தியானம் எங்க ஊர்ப் பக்கத்துப் பெட்டி. மச்சான் ஓரமா நாற்காலியில கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கார். எனக்கு எதிர்ல மில்காரர் ஏஜெண்டு, ராகவன்னு ஒரு வக்கீல் குமாஸ்தா. வாயே திறக்காத ஆளு. ஒரு துண்டுக் காகிதம், ஒரு பென்சில், அவ்வளவுதான் வச்சிருந்தான்.

மொதப் பெட்டியிலயே பாக்கறேன். குடைக்காரன் சீட்டு சிலதுல முத்திரை குடை மேல இல்ல. பேரு மேல இருக்கு. புதுப் பழக்கம், சனங்களுக்குப் புரியல. அதிகாரி அதை மில்காரர் கட்டுல வைக்கப் போனார். நான் 'நிறுத்துங்க'ன்னேன். ரூல்ல என்ன போட்டிருக்கு? சின்னத்தின் மீதோ, சின்னத்துக்கு அருகிலோ குறி இருக்கணும். பேரைப் பத்தி ரூல்ல பேச்சே இல்ல. அதிகாரி நல்ல மனுஷன். 'பேரும் அருகில்தானேய்யா இருக்கு? அவர் எண்ணம் தெரியுதே'ன்னார். விடுவேனா? நான் பத்திரம் எழுதறவன். 'ஐயா, பேருக்கும் சின்னத்துக்கும் நடுவுல ஒரு கோடு ஓடுது பாருங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நிலம், அந்தப் பக்கம் வேற நிலம். அடுத்த நிலத்துல வீட்டைக் கட்டிட்டு அருகில்தானே கட்டினேன்னு சொன்னா எந்தக் கோர்ட்டு ஒத்துக்கும்?'னு கேட்டேன். ஹால்ல இருந்தவன் எல்லாம் என்னையே பாக்கறான்.

அதிகாரி கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சார். 'யோசிச்சுத்தான் சொல்றீங்களா? நான் ஒரு பெட்டிக்கு ஒரு நியாயம் வச்சுக்க முடியாது. இதை ஏத்துக்கிட்டா எல்லாப் பெட்டிக்கும் இதேதான்'னார். மச்சான் ஓரத்துலேருந்து, 'அடைக்கலம், வேணாம்டா, பாவம் ஓட்டுப் போட்டவன்'னார். நான் திரும்பியே பாக்கல. 'எழுதிக் குடுங்க'ன்னார் அதிகாரி. அங்கேயே நின்னு எழுதினேன் சார். அடித்தம் திருத்தம் இல்லாம, நாலெல்லையும் கட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ராகவன் அதை வாங்கி ஒரு தடவை படிச்சான். எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு கீழ அவனும் கையெழுத்துப் போட்டான். நான் அப்பக்கூட யோசிக்கல, இவன் ஏன்டா ஆட்சேபிக்கலைன்னு.

காலையில அப்படி நான் செல்லாததாக்கினது அறுபத்தொரு சீட்டு. அறுபத்தொண்ணு சார். இதை யாராலயும் மறுக்க முடியாது.

கேட் திறந்துட்டான். அப்பாடா. மூணு பத்து. இனி இருபது நிமிஷந்தான்.

மத்தியானம் எங்க பெட்டியைக் கொட்டுறாங்க. மேஜையில கொட்டினதும் பூ வாசம் வருது, பெட்டியோட அந்தச் சின்னச் சந்து வழியாவும் எவளோ பூவைத் திணிச்சிருக்கா. எனக்குச் சந்தோஷம். மொதச் சீட்டை விரிக்கறான். உடையப்பன்னு அச்சடிச்ச பேரு மேல முத்திரை. ரெண்டாவது சீட்டு, பேரு மேல. மூணாவது ஆம்பளை ஓட்டு போல, குதிரை மேல சரியா இருக்கு. நாலாவது பேரு மேல. அஞ்சாவது பேரு மேல. பொம்பளைக சீட்டுல குதிரை மேல ஒரு பொட்டு மசி இல்ல சார். அவ்வளவு பக்குவமாக் குத்தியிருக்காக. கோட்டுக்கு இந்தப் பக்கம், பேருக்கு நட்ட நடுவுல. பெட்டி பெட்டியா அப்படித்தான்.

'செல்லும், எண்ணம் தெரியுது'ன்னு நான் சொல்லிப் பாத்தேன். ராகவன் எந்திரிச்சான். அன்னைக்கு அவன் பேசினது ஒரே வார்த்தைதான். 'காலையில எழுதின காகிதத்தைக் கொஞ்சம் வாசிங்க சார்'னான். அதிகாரி வாசிச்சார். நான் எழுதினது எவ்வளவு சுத்தமா இருந்துச்சு தெரியுங்களா? ஓட்டையே இல்ல. அவர் வாசிக்க வாசிக்க மச்சான் என்னைப் பாக்கல. மேஜை மேல கெடந்த பூவையே பாத்துக்கிட்டு இருந்தார்.

ஐநூத்தி எம்பத்து மூணு சீட்டு செல்லாது. தோத்தது எரநூத்திப் பதினேழு ஓட்டுல. நீங்களே கழிச்சுப் பாருங்க. என்னோட அறுபத்தொண்ணை அவனுக்கே திருப்பிக் குடுத்திருந்தாலும் நாங்க ஜெயிச்சிருப்போம். சரி, அது வேற கணக்கு. பேச்சு அதில்ல. ஒழுங்கா குதிரை மேல குத்தியிருந்தா இந்த வம்பே இல்லல்ல?

பொழுதுசாய வீட்டுக்கு வந்தோம். ஊரே முத்தத்துல நிக்குது. மச்சான் கேட்டார், சத்தம் போடாம, பள்ளிக்கூடத்துல கேக்கற மாதிரி. 'பேரு மேல குத்தச் சொன்னது யாரு?'ன்னார். பொம்பளைக ஒருத்தியை ஒருத்தி பாத்துட்டு, 'சிகப்பாயி அக்காதான் சொன்னுச்சு'ன்னாக. மச்சான் அக்காவைப் பாத்தார். 'உனக்கு யாரு சொன்னா?'ன்னார்.

அக்கா என்னைப் பாத்தா.

நான் தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தேன். சொம்பை வாயிலேருந்து எடுக்கல. தண்ணி தீந்துபோச்சு, அப்பவும் எடுக்கல. அவ சொன்னா, 'யாரும் சொல்லல. எனக்காத் தோணுச்சு'ன்னா.

மச்சான் அடிக்கல, வையல. உள்ள போயிட்டார். ஆனா அன்னையிலேருந்து அவளைப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. மனுஷன் பெரிய மனசு பண்ணி, 'அடுத்த தேர்தல் வரட்டும், மறுபடி நிப்போம், இந்த அஞ்சு வருஷம் ஊர் ஊரா நடப்போம்'னு நடந்தார். செருப்புத் தேய நடந்தார். நாலு வருஷம் நடந்து முடிக்கறப்ப, ஒருநாள் காலையில பேப்பர்ல போட்டிருக்கான், வேலங்குறிச்சித் தொகுதியே இல்லைன்னு. எங்க ஊர் ஒரு தொகுதியில, அவர் நடந்த ஊரெல்லாம் வேற ரெண்டு தொகுதியில. நிக்கறதுக்கு எடமே இல்லாமப் போச்சு. மூணு தாலுகாவும்தான் அவருக்கு உசுரு சார், அந்த மூணையும் பிரிச்சுட்டான். நாங்க ஜெயிச்சு டெல்லியில ஒரு ஆள் உக்காந்திருந்தா கலைக்க விட்டிருப்போமா? வேலையும் போச்சு, தொகுதியும் போச்சு. அதுக்கப்புறம் மச்சான் ரொம்ப நாள் இல்ல.

ஊரு சும்மா இருக்குமா? அக்காவுக்கு ஒரு பேரு வச்சுட்டாங்க. செல்லாத ஓட்டுப் போட வச்ச ஆத்தா. செல்லாத்தா. அம்மன் பேரு பாருங்க, அதனால மூஞ்சிக்கு நேராவே கூப்பிடலாம், சண்டைக்கும் வர முடியாது. அவ மகன் முத்தழகு அப்பக் கைக்கொழந்தை. அவனுக்கு இதெல்லாம் தெரியாது, அம்மன் பேரைத்தான் வச்சுக் கூப்பிடறாங்கன்னு நெனச்சுக்கிட்டு அவனும் அப்படியே கூப்பிட்டு வளந்தான். நேத்து நான் இருக்கற ஊர் சொசைட்டிக்கு போன் பண்ணி, 'செல்லாத்தா போயிருச்சு மாமா'ன்னுதான் சொன்னான்.

நான் போக்குவரத்தை நிறுத்திட்டேன். 'மச்சானைக் கெடுத்தவ வாசப்படியை மிதிக்க மாட்டேன்'னு ஊரறியச் சொன்னேன். மானமுள்ளவன் வேற என்ன சொல்லுவான்? இருபத்தேழு வருஷம். மச்சான் சாவுக்குப் போனேன், தெருவோட நின்னு திரும்பிட்டேன். அக்கா வருஷா வருஷம் பொங்கலுக்கு ஆள் விட்டுக்கிட்டே இருந்தா. நான் நெனச்சேன், செஞ்ச தப்பு குத்துது, அதான் கூப்பிடறான்னு. இப்பவும் சொல்றேன், தப்பு அவ மேலதான். ஒருத்தன் சாப்பிடறப்ப வந்து கேக்கறதா? கம்மங்கூழ்ல கையை வச்சிருக்கேன், வாசல்ல வண்டி நிக்குது, குதிரைக்கு மாலை வரல. வந்து நின்னுக்கிட்டு, 'தம்பி, பேரு மேல குத்துனாச் செல்லுமாடா, நல்லா யோசிச்சுச் சொல்லு'ன்னா...

ஆமா சார். நான்தான். இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு வர்றீங்களே, உங்களுக்கு அப்பவே புரிஞ்சிருக்கும். செல்லும்னு நான்தான் சொன்னேன். எண்ணிக்கை அன்னைக்கு செல்லாதுன்னு எழுதிக் குடுத்ததும் நான்தான். எழுதும்போது அக்கா கேட்டது ஞாபகத்துக்கு வரல. சத்தியமா வரல. ஞாபகம் வந்திருந்தா எழுதியிருப்பேனா? ஆனா சொம்பை வாயில வச்சிருந்தேனே, அப்ப நல்லா ஞாபகம் இருந்துச்சு.

இதை இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. எம் பொண்டாட்டிகிட்டக்கூட. நீங்க யாரோ, அதனால சொல்லிட்டேன். கடைத்தெரு வந்துருச்சு. பாலம் தாண்டுனா ஸ்டாப்பு.

போன்ல நானே கேட்டேன் முத்தழகுகிட்ட. 'கோடி கொண்டாந்தா போட விடுவீங்களாடா? மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேட்டுப்புட மாட்டீங்களே?'ன்னு. அவன் சொல்றான், 'வாங்க மாமா. அம்மா சத்தியம் வாங்கியிருக்கு. தம்பி வருவான், கோடி அவன் கையாலதான் விழணும், பழசை எடுத்து அவனை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுன்னு. நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம் மாமா. தைரியமா வாங்க'ங்கறான்.

ராத்திரி தூங்கல சார். கேப்பாங்கன்னு நெனச்சு என்னென்ன சொல்றதுன்னு எல்லாம் எழுதியே வச்சிருந்தேன். பெட்டியாச்சு, பொம்பளைகளாச்சு, அதிகாரியாச்சு, தொகுதியைக் கலைச்சவனாச்சுன்னு அத்தனைக்கும் பதில் இருக்கு எங்கிட்ட. இருபத்தேழு வருஷமா அதைத்தானே எழுதிக்கிட்டு இருக்கேன்.

கண்டக்டர், வேலங்குறிச்சி இருக்கு, நிப்பாட்டுங்க.

அந்தா, மரத்தடியில துண்டைக் கட்டிக்கிட்டு நிக்கறான் பாருங்க, அவன்தான் முத்தழகு. அப்படியே எங்க மச்சான் சாயல். வண்டியைப் பாத்துட்டான், என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வர்றான். அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க சார். கேட்டா இல்லைன்னு சொல்றதுக்கு எனக்கு நல்லாப் பழக்கம் இருக்கு. கேக்காதவங்ககிட்ட நான் என்ன சார் சொல்லுவேன்?